வாசகர் கேள்வி-பதில்: விலை குறைந்த வால்வு ப்ரீஆம்பைத் திருத்தி அமைத்தல்

வீட்டு ஒலிக் கருவிகளைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, எளிய விலையில் கிடைக்கும் வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயர்களில் (சிடி பிளேயர் போன்ற கருவிக்கும் பவர் ஆம்புக்கும் இடையே வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கருவிகளில்) சில மாற்றங்கள் செய்து நல்ல ஒலி பெறுவதைப் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை இணைத்துச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: என் ப்ரீஆம்பில் ஒவ்வொரு சானலுக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதியும், அதை அடுத்துக் கேத்தோடு ஃபாலோயராக (வோல்டேஜைப் பெருக்காமல், அடுத்த கருவியை எளிதாக இயக்க உதவும் கட்டமாக) 12ஏயூ7 வால்வின் ஒரு பாதியும் வேலை செய்கின்றன. அண்மையில் பவர் ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். புதியதன் இன்புட் இம்பிடன்ஸ் (உள்ளே வரும் சமிக்ஞைக்கு அது காட்டும் மின்தடை) 10 கிலோ ஓம் என்று அதன் கையேடு சொல்கிறது. பழையது 100 கிலோ ஓம். மாற்றியதிலிருந்து பாஸ் மெலிந்துவிட்டது. வால்யூம் குமிழை ஒன்பது மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாதபடி சத்தம் அதிகமாக இருப்பதும், பாட்டு நின்றதும் ஸ்பீக்கரில் மெல்லிய சீறல் கேட்பதும் முன்பே இருந்த குறைகள். நண்பர்கள் பழைய ஐரோப்பிய வால்வுகளை வாங்கிப் பொருத்தச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் எதற்கும் வால்வின் தரம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. வால்வு வாங்க ஒதுக்கிய பணத்தை அப்படியே வைத்துவிட்டு, முதலில் ப்ரீஆம்பின் வெளியீட்டில் இருக்கும் கெப்பாசிட்டரைப் பாருங்கள். விலை குறைந்த ப்ரீஆம்புகளில் அது பெரும்பாலும் 0.22 மைக்ரோஃபாரட் அளவில்தான் இருக்கும். உங்கள் கேத்தோடு ஃபாலோயரின் அவுட்புட் இம்பிடன்ஸ் ஏறத்தாழ 600 ஓம். அந்த 600 ஓமும் பவர் ஆம்பின் 10 கிலோ ஓமும் சேர்ந்து 0.22 மைக்ரோஃபாரட்டோடு அமையும்போது, சுமார் 68 ஹெர்ட்ஸில் ஒலி அளவு 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. அதற்குக் கீழே இன்னும் விரைவாகச் சரிகிறது. பாஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் சுரம், ப்ரீஆம்பை விட்டு வெளியே வரும்போது ஏறத்தாழ பாதி வோல்டேஜாகத்தான் வருகிறது. பழைய ஆம்பின் 100 கிலோ ஓமோடு இதே கெப்பாசிட்டர் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. அதனால்தான் அப்போது குறை தெரியவில்லை. எத்தனை அருமையான பழைய வால்வைப் பொருத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது மிகையான பெருக்கம். சிடி பிளேயர் போன்ற கருவிகள் 2 வோல்ட் வரை தருகின்றன. பெரும்பாலான பவர் ஆம்புகளுக்கு முழு ஆற்றலை எட்ட 1 வோல்ட் அளவே போதுமானது. அதாவது, இந்த இணைப்பில் பெருக்கமே தேவையில்லை. ஆனால் 12ஏஎக்ஸ்7 என்பது பெருக்கக் காரணி 100 கொண்ட வால்வு. வழக்கமான 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டரும், பைபாஸ் கெப்பாசிட்டர் இல்லாத 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெசிஸ்டரும் உள்ள மின்சுற்றில் (பிளேட், கேத்தோடு, கிரிட் ஆகியவை வால்வுக்குள் இருக்கும் முனைகள்) அது ஏறத்தாழ 32 மடங்கு பெருக்குகிறது. வால்யூம் குமிழில் முதலில் நசுக்கிவிட்டு, பிறகு வால்வில் பெருக்குவதால், வால்வு தானாக உண்டாக்கும் சீறல் மட்டும் குமிழுக்குக் கட்டுப்படாமல் எப்போதும் ஒரே அளவில் ஸ்பீக்கருக்குப் போகிறது. உங்களுக்குக் கேட்பது அந்தச் சீறல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு பவர் ஆம்பை அணைத்து, ப்ரீஆம்பின் கேபிளைக் கழற்றிவிட்டு, மீண்டும் போட்டுக் கேளுங்கள். முதல் நிலையில் சீறலும் இரண்டாவதில் அமைதியும் இருந்தால் அது ப்ரீஆம்பில் பிறக்கிறது.

இந்த மூன்று குறைகளையும் சேர்த்துத் தீர்க்க ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போதும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்குப் பிறகு, அவுட்புட் ஜாக்குக்கு முன்னால், ஒவ்வொரு சானலிலும் 22 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். அது பவர் ஆம்பின் 10 கிலோ ஓமோடு சேர்ந்து ஒலியை ஏறத்தாழ 10 டெசிபல் குறைக்கும். குறைப்பு வால்வுக்குப் பின்னால் நடப்பதால் சீறலும், ஹம் (மின்சாரத்திலிருந்து வரும் தாழ்ந்த ரீங்காரம்) இருந்தால் அதுவும், அதே 10 டெசிபல் குறையும். வால்யூம் குமிழ் மேலே ஏறும். மலிவான இரட்டைக் குமிழ்களில் இடது, வலது சானல்கள் மிகவும் வேறுபடுவது அடிமட்ட நிலையில்தான் என்பதால், சானல் சமநிலையும் சீராகும். தொடரில் ரெசிஸ்டர் சேர்ந்ததால் பழைய 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரே 22 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும். அதையும் 1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் வகைக்கு மாற்றினால் எல்லை 5 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். பாஸ் முழுமையாகத் திரும்பும். 1 வோல்ட் வெளியே வர வால்வு இப்போது 3 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாகத் தர வேண்டியிருக்கும் என்றாலும், 250 வோல்ட் அளவில் இயங்கும் கட்டத்துக்கு அது சுமையே அல்ல. பிற்காலத்தில் 47 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்புக்கு மாறினால் குறைப்பு மூன்று டெசிபல் சொச்சமாகச் சுருங்கிவிடும். அப்போது அவுட்புட் ஜாக்கிலேயே கிரவுண்டுக்கு 12 கிலோ ஓம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெருக்கத்தைக் குறைப்பதற்காக 12ஏஎக்ஸ்7 இருக்கும் சாக்கெட்டில் 12ஏயூ7ஐச் செருகிவிடலாம் என்ற யோசனையைப் பலர் சொல்வார்கள். ஊசிகளின் அமைப்பு ஒன்றுதான், ஹீட்டரும் (வால்வைச் சூடாக்கும் இழை) பொருந்தும். ஆனால் 12ஏயூ7 அதே ரெசிஸ்டர்களோடு அதிக மின்னோட்டம் எடுப்பதால் பிளேட் வோல்டேஜ் வெகுவாக இறங்கிவிடும். கேத்தோடு ஃபாலோயரின் கிரிட் நேரடியாக அந்தப் பிளேட்டோடு இணைந்திருந்தால், இரண்டாம் கட்டமும் தன் நிலையை இழக்கும். ரெசிஸ்டர்களையும் மாற்றி வோல்டேஜ்களை அளந்து பார்க்கத் தயாராக இருந்தால் மட்டும் செய்யுங்கள். பெருக்கக் காரணி 70 உள்ள 5751 வகை, எந்த மாற்றமும் இல்லாமல் அதே இடத்தில் பொருந்தும். ஆனால் அதனால் கிடைக்கும் குறைப்பு சிறியது.

மேல் சுரங்கள் மங்கலாக இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் மூடியைத் திறந்தவுடன் வால்யூம் குமிழின் மதிப்பைப் படித்துவிடுங்கள். சில தயாரிப்புகளில் 500 கிலோ ஓம் குமிழ் இருக்கும். வால்வின் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே உள்ள 1.7 பிக்கோஃபாரட் என்ற நுண்ணிய கெப்பாசிட்டன்ஸ், பெருக்கத்தின் அளவுக்குப் பெரிதாகி, கம்பிகளில் சேருவதையும் கூட்டினால் 70 பிக்கோஃபாரட் அளவில் உள்ளீட்டில் வந்து நிற்கும். ஒலியைப் பாதியாகக் குறைக்கும் நிலையில் 500 கிலோ ஓம் குமிழோடு அது 18 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் வெட்டிவிடும். 100 கிலோ ஓம் குமிழாக இருந்தால் அந்த எல்லை 90 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் போய்விடும். குமிழை மாற்றும்போது லாக் வகைதானா (செவிக்குச் சத்தம் சீராக ஏறுவது போல அமைந்த வகை) என்று பார்த்து வாங்குங்கள். கூடவே கிரிட் ஊசியை ஒட்டி 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்தால், கைப்பேசியின் தடதடப்பு உள்ளே நுழைவது பெரும்பாலும் நின்றுவிடும்.

இவற்றுக்குப் பிறகு செலவிட மனமிருந்தால் உயர் வோல்டேஜ் சப்ளைக்குச் செலவிடுங்கள். கடைசி ஃபில்டர் கெப்பாசிட்டருக்குப் பிறகு 1 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றும், அதை அடுத்து 47 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்தால், 100 ஹெர்ட்ஸ் சிற்றலை (டிசியில் எஞ்சி நிற்கும் ஏசி அலைவு) முப்பதில் ஒரு பங்காகக் குறையும். உங்கள் இரண்டு வால்வுகளும் சேர்ந்து எடுப்பது 11 மில்லிஆம்பியர் அளவு என்று வைத்துக்கொண்டால் இழப்பு 11 வோல்ட்தான். வால்வுகளின் பின்னணி அமைதியானதும் மெல்லிய ஒலிகள் தெளிவாவதை நீங்களே உணர்வீர்கள். வால்வு மாற்றத்தில் கிடைப்பதாகச் சொல்லப்படும் தெளிவு பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கேள்வி: எனக்குச் சால்டரிங் பழக்கம் உண்டு, ஆனால் வால்வுக் கருவி எதையும் திறந்ததில்லை. என்ன எச்சரிக்கை வேண்டும்?

பதில்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 250 வோல்ட்டோ அதற்கு மேலோ தங்கியிருக்கும் என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள், அது உயிரைப் பறிக்கப் போதுமானது. மூடியைத் திறந்ததும் மல்டிமீட்டரின் கருப்பு முனையைச் சேஸியில் (கருவியின் உலோகச் சட்டத்தில்) கிளிப் போட்டு மாட்டிவிட்டு, மற்றொரு கையை விலக்கி வைத்துக்கொண்டு, ஒரே கையால் கெப்பாசிட்டரின் நேர்முனையை அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்கும் கீழே வந்த பிறகே கம்பியைத் தொடலாம். ஸ்க்ரூட்ரைவரால் குறுக்கே தொட்டு மின்சாரத்தை இறக்கும் வழக்கம் கெப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் ஆபத்து. முதல் வேலையாக, ஃபில்டர் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட், குறைந்தது 350 வோல்ட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். மொத்தம் 94 மைக்ரோஃபாரட் இருந்தால் ஒரு நிமிடத்தில் 250 வோல்ட் 14 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அது பொருத்தப்பட்டிருந்தாலும் ஒவ்வொரு முறையும் அளந்துதான் தொட வேண்டும், ஏனெனில் அந்த ரெசிஸ்டரும் ஒரு நாள் அறுந்துபோகலாம்.

கெப்பாசிட்டர் மாற்றும்போது வோல்டேஜ் மதிப்பைக் குறைக்காதீர்கள். வால்வுகள் சூடாகி மின்னோட்டம் எடுக்கத் தொடங்கும் வரை சப்ளையில் சுமை இல்லாததால், இயங்கும்போது அளந்ததைவிட வோல்டேஜ் அதிகமாக ஏறும். 200 வோல்ட் ஏசி வைண்டிங் 283 வோல்ட் டிசி வரை தரும் என்பதை நினைவில் கொண்டு, 350 அல்லது 400 வோல்ட் வகையையே வாங்குங்கள்.

கேள்வி: ப்ரீஆம்பிலிருந்து தொடர்ந்து ஒரு ஹம் வருகிறது. ஃபில்டர் கெப்பாசிட்டரை இரட்டிப்பாக்கியும் குறையவில்லை. ஏன்?

பதில்: அந்த ஹம் சப்ளையின் சிற்றலையிலிருந்து வரவில்லை என்பதே அதற்குப் பொருள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் சப்ளையின் சிற்றலை 100 ஹெர்ட்ஸில், சற்றுக் கரகரப்பான உறுமலாகக் கேட்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 120. ஹீட்டர், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் ஒரு வளையமாக அமைவது) ஆகியவற்றிலிருந்து வருவது முக்கியமாக 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், ஆழ்ந்த மென்மையான ஒலியாக இருக்கும். கைப்பேசியில் ஒரு ஸ்பெக்ட்ரம் செயலியை வைத்து எது என்று உறுதி செய்யலாம். பிறகு சிடி பிளேயர் முதலான எல்லா இன்புட் கேபிள்களையும் கழற்றுங்கள். ஹம் மறைந்தால் கிரவுண்ட் லூப். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையிலிருந்து இயக்கிப் பாருங்கள். லூப்பை அறுப்பதாக நினைத்துப் பாதுகாப்பு எர்த்தைத் துண்டிப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கழற்றிய பிறகும் ஹம் இருந்தால் ஹீட்டர் கம்பிகளைக் கவனியுங்கள். அவை ஒன்றோடொன்று இறுக முறுக்கப்பட்டு, சேஸியை ஒட்டி, கிரிட் கம்பிகளை விட்டு விலகிச் செல்ல வேண்டும். ஹீட்டர் வைண்டிங்கின் எந்த முனையும் கிரவுண்டோடு இணையாமல் மிதந்துகொண்டிருந்தால், இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றைக் கிரவுண்டுக்குக் கொடுத்தாலே பல கருவிகளில் ஹம் அடங்கிவிடுகிறது. கேத்தோடு ஃபாலோயர் உள்ளவற்றில் அந்த இரண்டு ரெசிஸ்டர்களின் சந்திப்பைக் கிரவுண்டுக்குப் பதிலாக, சப்ளையிலிருந்து பிரித்தெடுத்த 40 வோல்ட் அளவுள்ள, கெப்பாசிட்டரால் நிலைப்படுத்திய புள்ளியோடு இணைப்பது இன்னும் நல்லது. ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையிலான வோல்டேஜ் வேறுபாடும் அதனால் குறையும்.

ஹீட்டரை டிசியில் இயக்குவது அடுத்த படி. 12.6 வோல்ட் வைண்டிங்கைப் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் மூலம் டிசியாக்கினால் 16 வோல்ட் அளவு கிடைக்கும். 7812 ரெகுலேட்டர் வழியாக அது 12 வோல்ட் ஆகும். 12.6க்குப் பதில் 12 என்பது வால்வுக்குத் தீங்கு செய்யாது. இரண்டு வால்வுகள் 300 மில்லிஆம்பியர் எடுக்கும்போது ரெகுலேட்டரில் 1.2 வாட் வெப்பம் உண்டாகும் என்பதால் ஹீட் சிங்க் அவசியம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: ரெக்டிஃபயரும் பெரிய கெப்பாசிட்டரும் சேர்ந்ததும் வைண்டிங்கிலிருந்து எடுக்கப்படும் ஏசி மின்னோட்டம், டிசி மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்று தெரியாவிட்டால், ஹீட்டருக்குத் தனியாக ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதே முறை. வைண்டிங் 6.3 வோல்ட்டாக இருந்தால் இந்த மாற்றத்துக்கு மிச்ச வோல்டேஜ் போதாது.

கேள்வி: 12 வோல்ட் அடாப்டரில் இயங்கும், இரண்டு 6ஜே1 வால்வுகள் கொண்ட சிறிய ப்ரீஆம்பைத் திருத்துவதில் பயன் உண்டா?

பதில்: சிறிதளவு உண்டு. அந்த வகையில் 12 வோல்ட் ஏசியை இரட்டிப்பாக்கி 30 வோல்ட் அளவு டிசி பெற்று, அதிலேயே வால்வை இயக்குகிறார்கள். 6ஜே1 என்பது உயர் அதிர்வெண் வேலைக்காக உருவான பென்டோடு (ஐந்து மின்முனைகள் கொண்ட வால்வு); இத்தனை குறைந்த வோல்டேஜில் அதன் நேர்கோட்டுப் பகுதி மிகக் குறுகியது. 2 வோல்ட் தரும் கருவியை நேரடியாக இணைத்துக் குமிழை முழுவதும் திறந்தால் உருக்குலைவு எளிதில் கேட்கும். சில பலகைகளில் வால்வோடு ஆப்ஆம்ப் (பெருக்கும் சில்லு) ஒன்றும் சேர்ந்திருக்கும். வால்வின் அடியில் தெரியும் ஒளி எல்ஈடியின் ஒளியாகவே இருக்கலாம். வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் மதிப்பை மேலே சொன்ன கணக்குப்படி சரிபார்ப்பது, குமிழை நல்லதாக மாற்றுவது, சப்ளையில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைத் தரமான 105 டிகிரி வகைக்கு மாற்றுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 6ஏகே5, ஈஎஃப்95 ஆகியவை அதே சாக்கெட்டில் பொருந்தும். மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. அதற்கு மேல் உழைப்பைச் செலுத்த விரும்பினால், 200 வோல்ட்டுக்கு மேல் இயங்கும் ஒரு ப்ரீஆம்ப் கிட்டை வாங்கி அதில் செலுத்துவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: விலை உயர்ந்த கப்ளிங் கெப்பாசிட்டர்களும் பழைய வால்வுகளும் உண்மையிலேயே ஒலியை மாற்றுமா?

பதில்: கெப்பாசிட்டரின் வகை மாற்றும். ஆனால் அதே வகைக்குள் விலை மாற்றும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஒலி செல்லும் பாதையில் எக்ஸ்7ஆர் வகைச் செராமிக் கெப்பாசிட்டர் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அதன் மதிப்பு வோல்டேஜுக்கு ஏற்ப மாறுவதால் உருக்குலைவு உண்டாகும். அந்த இடத்தில் சாதாரணப் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் வைத்தால் வேறுபாட்டை அளக்கவே முடியும். அதற்கு மேல் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் அதே மதிப்புள்ள ஃபிலிம் கெப்பாசிட்டரில் இத்தகைய அளவிடக்கூடிய காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ரெசிஸ்டர்களில் பழைய கார்பன் காம்போசிஷன் வகை, டிசி வோல்டேஜ் தாங்கி நிற்கும்போது கூடுதல் சீறலை உண்டாக்கும். பிளேட் ரெசிஸ்டரை மெட்டல் ஃபிலிமாக மாற்றுவது செலவில்லாத நல்ல திருத்தம்.

வால்வுகளைப் பொறுத்தவரை, 1947இல் ஆர்சிஏ வெளியிட்ட 12ஏஎக்ஸ்7 இன்றும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் தயாராகிறது. புதியவற்றிலும் நல்லவை உண்டு, பழையவற்றிலும் தேய்ந்தவை உண்டு. சீறலும் மைக்ரோஃபோனிக் தன்மையும் (அதிர்வை மைக் போல ஒலியாக்கும் தன்மை) வால்வுக்கு வால்வு வேறுபடுவது உண்மை. வால்யூமைக் குறைவாக வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டினால், ஸ்பீக்கரில் மணியோசை போல நீண்டு ஒலிக்கும் வால்வை முதல் கட்டத்தில் வைக்கக் கூடாது; பெருக்கம் இல்லாத கட்டத்துக்கு அது ஆகும். கண்ணாடியின் உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். அதைப் பொருத்தவே வேண்டாம்.

இரண்டு வால்வுகளை ஒப்பிடும்போது பெருக்கம் சிறிது வேறுபட்டாலும் சத்தம் கூடியது நன்றாகவே கேட்கும். அதை நாம் தரம் என்று எடுத்துக்கொண்டுவிடுவோம். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கோப்பை ஓடவிட்டு, ஏசி மீட்டரில் வெளியீட்டை அளந்து, இரண்டையும் 0.1 டெசிபல் அளவுக்குச் சமப்படுத்திய பிறகு, எது இயங்குகிறது என்று தெரியாத நிலையில் கேட்டுப் பாருங்கள். அப்போதும் ஒன்று உங்களுக்குப் பிடித்திருந்தால் தயங்காமல் அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ப்ரீஆம்புகளில் உள்ளவை போன்ற டிரையோடு (மூன்று மின்முனைகள் கொண்ட) வால்வுகள் பெரிதும் இரண்டாம் ஹார்மோனிக்கையே சேர்க்கின்றன. அது மூல சுரத்துக்கு ஒரு ஸ்தாயி மேலே, அதே சுரமாக அமைவதால் செவிக்கு இதமாக இருக்கிறது. அதன் அளவு வால்வுக்கு வால்வு மாறக்கூடியதே.

கேள்வி: ப்ரீஆம்பைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஸ்பீக்கரில் பெரிய "டப்" ஓசை வருகிறது. வெளியீட்டுக் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கிய பிறகு அது அதிகமாகிவிட்டது.

பதில்: வால்வு சூடாகும்போது கேத்தோடில் 100 வோல்ட் அளவு உருவாகிறது, அதற்கு வெளியீட்டுக் கெப்பாசிட்டர் மின்னேற்றம் பெறும் துடிப்புதான் உங்களுக்குக் கேட்கிறது. கெப்பாசிட்டர் பெரிதானால் துடிப்பும் நீளும். கெப்பாசிட்டரின் வெளிப்பக்கத்திலிருந்து கிரவுண்டுக்கு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் சேருங்கள். கேபிள் மாட்டாத நிலையிலும் அந்தப் பக்கம் பூஜ்ய வோல்ட்டில் நிற்க அது உதவும். போடும்போது ப்ரீஆம்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பவர் ஆம்பைப் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்பை முதலில் அணைத்து, அதன் சப்ளை வடியும்வரை பொறுத்திருந்து ப்ரீஆம்பை அணையுங்கள். ஒரே சுவிட்சில் எல்லாவற்றையும் இயக்கும் வீடுகளில், அவுட்புட்டைக் கிரவுண்டோடு இணைத்து வைத்து 45 விநாடி கழித்து விடுவிக்கும் தாமத ரிலே ஒன்றைப் பொருத்த வேண்டும். மின்சாரம் நின்றவுடன் ரிலே உடனே விழுந்து அவுட்புட்டை மீண்டும் கிரவுண்டோடு சேர்க்கும்படி, அதன் சப்ளையில் சிறிய கெப்பாசிட்டரையே வையுங்கள்.